நாயோடு கடற்கரைக்குப் போகிறீர்களா? வாசகர் கேள்வி – பதில்

பொங்கல் விடுமுறை நெருங்கினாலே இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகள் கடல் பக்கம் திரும்பிவிடுகின்றன. இந்த முறை திருச்சி வாசகி ஒருவர் தரங்கம்பாடியைக் குறிப்பிட்டே கேட்டிருக்கிறார். அதை முதலில் எடுத்துக்கொண்டு, மற்றவர்கள் கேட்டதையும் அதோடு சேர்த்தே பார்த்துவிடலாம்.

அக்கா, எங்களிடம் இரண்டு நாய்கள். ஒன்று வெள்ளை ராஜபாளையம், நாலு வயது, பிறந்ததிலிருந்தே காது கேட்காது. இன்னொருத்தி தெருவிலிருந்து எடுத்து வளர்த்தவள், சாது, ஆனால் வேறு நாயைப் பார்த்தால் விடாமல் குரைப்பாள். ஜனவரியில் இரண்டு நாள் தரங்கம்பாடி போகலாமா? எந்த நேரம் நல்லது, எங்கெல்லாம் நடக்கலாம்?
– வாசகி, திருச்சி

தாராளமாகப் போங்கள். நாயோடு போக எனக்குத் தெரிந்த கடலோர ஊர்களில் தரங்கம்பாடிக்குத்தான் முதலிடம் கொடுப்பேன், காரணம் அந்த ஊரின் அளவு. மாமல்லபுரம் மாதிரி பேருந்தும் கூட்டமும் கடைகளும் நெருக்கியடிக்காது. 1792-ல் கட்டிய நகர வாசலுக்குள் நுழைந்தால் ராஜ வீதி நேராகக் கடலில் போய்த்தான் நிற்கும். காலை ஆறரை மணிக்கு அந்தத் தெருவில் நாயைப் பிடித்துக்கொண்டு நடப்பதே ஒரு சுகம். 1701-ல் எழுந்த சீயோன் தேவாலயம், 1718-ல் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் எல்லாம் அந்த வழியில்தான் வருகின்றன, வெளியில் நின்று பார்த்துக்கொண்டே போகலாம். தெருக்கோடியில் மைதானம், அதை ஒட்டி 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை. கோட்டைக்குள் போகும்போது ஒருவர் நாய்களோடு வெளியே நில்லுங்கள், மற்றவர் பார்த்துவிட்டு வந்து மாற்றிக்கொள்ளட்டும். பழைய சின்னம், உள்ளே அருங்காட்சியகம் வேறு, அங்கே நாயோடு போய் வாக்குவாதம் செய்து பயனில்லை.

திருச்சியிலிருந்து தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வழியாக 160 கிலோமீட்டர் இருக்கும். கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்னாலேயே சாப்பாட்டை முடித்துவிடுங்கள், அதுவும் பாதி வயிறுதான். வழியில் இரண்டு இடத்திலாவது நிறுத்தி, தண்ணீர் காட்டி, நாலு அடி நடக்க விடுங்கள். கும்பகோணத்தில் காபி குடிக்க இறங்குகிற நேரத்தில்கூட நாய்களைக் காருக்குள் பூட்டி வைக்காதீர்கள். வெளியே 35 டிகிரி என்றால் மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் 45-ஐத் தொட்டுவிடும், ஜன்னலை இரண்டு விரல் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது.

இனி கரை. ஜனவரியில் காலை ஒன்பது மணி வரை மணல் குளிர்ச்சியாக இருக்கும். அதற்குப் பிறகு உங்கள் புறங்கையை மணலில் வைத்து ஏழு வரை எண்ணிப் பாருங்கள், கை சுட்டால் பாதமும் சுடும், திரும்பிவிடுங்கள். மாலையில் நாலரைக்குப் பிறகு போய் இருட்டுவதற்குள் வந்துவிடலாம் (இருட்டுக் கணக்கு ஏன் என்று ஆமைக் கேள்வியில் சொல்கிறேன்). காணும் பொங்கல் அன்று மட்டும் கரைப் பக்கமே போகாதீர்கள், அந்தக் கூட்டத்தை எந்த நாயும் தாங்காது.

தரங்கம்பாடிக் கடல் சாந்தமான கடல் இல்லை. 1306-ல் கட்டிய மாசிலாமணி நாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டதை நேரிலேயே பார்ப்பீர்கள். கரையைக் காக்கப் போட்டிருக்கும் பாறைகளில் பாசி படிந்திருக்கும், இடுக்குகள் ஆழமாக இருக்கும். நண்டைத் துரத்திக்கொண்டு அதில் இறங்கும் நாய்க்குக் கால் மாட்டினால் முறிவுதான். பாறையை விட்டு விலகி, மணல் அகலமாக இருக்கும் பக்கமாக நடங்கள். அகலமான மணலே வேண்டுமென்றால் பதினைந்து கிலோமீட்டருக்குள் காரைக்கால் கடற்கரை இருக்கிறது, விடியற்காலையில் அங்கே இடம் தாராளம்.

உங்கள் ராஜபாளையத்தைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்குமாக இருக்கும் ராஜபாளையங்களில் பிறவியிலேயே காது கேட்காதவை உண்டு. வீட்டில் கை அசைத்துக் கூப்பிட்டால் வந்துவிடுவான், சரி. கரையில் அவன் கண் முழுக்க அலையில் இருக்கும், உங்கள் கையைப் பார்க்கவே மாட்டான். அலை பின்னால் வருகிற சத்தமும் அவனுக்கு எட்டாது. அதனால் ஒரு நிமிடம்கூட அவிழ்த்துவிட வேண்டாம். கழுத்துப் பட்டையில் கட்டாமல் மார்புப் பட்டையில் பத்து மீட்டர் நைலான் கயிறு கட்டிக்கொள்ளுங்கள், ஓடுகிற ஆசையும் தீரும், கயிறும் உங்கள் கையில் இருக்கும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், பெரிய நாய் ஒரே இழுப்பில் விரலை ஒடித்துவிடும். அதோடு அவன் மூக்கு, காது நுனி, வயிறு எல்லாம் வெயிலில் சட்டென்று வெந்துவிடும் தோல். அதற்காக நாம் பூசும் சன்ஸ்கிரீனைப் பூசிவிடாதீர்கள். அதில் துத்தநாக ஆக்சைடு இருந்தால், நாய் நக்கி உள்ளே போய் விஷமாகும். நாய்களுக்கென்றே விற்பது கிடைத்தால் பூசுங்கள், இல்லாவிட்டால் நிழலே போதும்.

கடல் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் அது தானாகப் போய்க் குடிப்பது குறைவு. பந்தை அலையில் எறிந்து எடுத்துவரச் சொல்கிறோமே, அப்போதுதான் ஒவ்வொரு தடவையும் ஒரு வாய் உள்ளே போகிறது. அன்றிரவு வயிற்றுப்போக்கு என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். அளவு மீறினால் வாந்தி, தள்ளாட்டம், வலிப்பு வரைக்கும் போகும். மணலில் பந்தை உருட்டி விளையாடினால் மணலை விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்வதும் உண்டு. ஆகவே பந்து வீட்டிலேயே இருக்கட்டும். கால் மணிக்கொரு தரம் நல்ல தண்ணீர் காட்டுங்கள், அறைக்குத் திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவி, விரல் இடுக்கையும் காதையும் துணியால் துடைத்துவிடுங்கள்.

அக்கா, நான் நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு மீனவக் கிராமத்தைச் சேர்ந்தவன். லீவு நாளில் வெளியூர்க்காரர்கள் காரில் நாயைக் கொண்டுவந்து எங்கள் கரையில் அவிழ்த்துவிடுகிறார்கள். வலை மேல் காலைத் தூக்குகிறது, கருவாட்டில் ஓடுகிறது. கேட்டால் "பொது இடம்தானே" என்கிறார்கள். இதை உங்கள் பத்தியில் எழுதுங்கள்.

எழுதுகிறேன் தம்பி. நாய் வளர்ப்பவர்கள் படிக்கும் பத்தி இது, அவர்கள் காதில் விழ வேண்டியதும் இதுதான்.

காலையில் படகு கரை ஏறுகிற நேரத்தில் ஒரு குப்பத்தில் நின்று பார்த்தவர்கள் "பொது இடம்" என்று சொல்ல மாட்டார்கள். ஒரு பக்கம் மீன் ஏலம் போகும், இன்னொரு பக்கம் நாலைந்து பேர் உட்கார்ந்து கால் விரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு கிழிசலைப் பின்னுவார்கள். கொஞ்சம் தள்ளிப் பழைய வலையை விரித்து நெத்திலியைக் காயப்போட்டிருப்பார்கள். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு லாப்ரடார், குட்டி என்றே சொல்லலாம், கயிறு இல்லாமல் ஓடிவந்து அந்த நெத்திலியின் நடுவே நாலு பாய்ச்சல் பாய்ந்து போய்விட்டது. அதன் சொந்தக்காரர்கள் தூரத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். காயப்போட்ட அம்மா ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து, கால் பட்ட இடம் பட்ட இடமாகக் கையால் வழித்து, இரண்டு முறம் அளவுக்கு மீனை எடுத்துத் தூரப் போட்டார். நாய் மிதித்ததை விற்க முடியாது என்று அவருக்குத் தெரியும், அது அவருடைய அன்றைய கூலியில் போயிற்று. அந்தக் காசைக் கொடுக்க வேண்டும் என்று அந்தக் குடும்பத்துக்குத் தோன்றவே இல்லை.

ஆகவே, கரைக்கு நாயோடு போகும் எல்லோருக்கும்: படகு நிற்கிற இடம், வலை கிடக்கிற இடம், கருவாடு காய்கிற இடம், இந்த மூன்றும் கண்ணில் பட்டால் கயிற்றைச் சுருக்கி நாயைக் காலோடு ஒட்டி வைத்துக்கொண்டு தண்ணீர் ஓரமாகப் போய்விடுங்கள். வலையை நீங்களும் செருப்புக் காலோடு தாண்டாதீர்கள், அது அவர்களுக்குச் சோறு போடுவது. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தால் அந்தக் கயிற்றுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுங்கள், குறுக்கே நாயை விடாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், அந்த நாட்களில் வலைகள் கரைக்கு வந்து பழுதுபார்க்கப்படும். பள்ளி விடுமுறையும் அப்போதுதான் வருகிறது, அதனால் மே மாதம் போகிறவர்கள் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும். நாய் எதையாவது நாசம் செய்துவிட்டால் அங்கேயே நின்று எவ்வளவு என்று கேட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள். முதலில் போனதும் அங்கே இருக்கும் பெரியவர் ஒருவரிடம் "ஐயா, நாயோடு வந்திருக்கிறோம், எந்தப் பக்கம் போனால் உங்களுக்குத் தொந்தரவு இல்லை?" என்று கேட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை வராது. அவர்களே நல்ல இடம் காட்டுவார்கள், எங்கே நீரோட்டம் இழுக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள்.

கரையில் கிடக்கும் செத்த மீனை என் நாய் கண்ட நொடியில் விழுங்கிவிடுகிறான். ஆபத்தா?
– வாசகர், கடலூர்

ஆபத்துதான், மீனைப் பொறுத்து. வலையில் வந்த பேத்தை மீனை மீனவர்கள் எடுத்துக் கரையில் வீசிவிடுவார்கள், பந்து போல உப்பிக் கிடக்கும். அதன் ஈரலிலும் சினையிலும் தோலிலும் இருக்கும் விஷம் வேகவைத்தாலும் போகாது, மாற்று மருந்தும் கிடையாது. தின்ற நாய்க்கு எச்சில் வடியும், பின்னங்கால் தள்ளாடும், பிறகு மூச்சு தடுமாறும். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். கெளுத்தி முள்ளும் திருக்கையின் வால் முள்ளும் காய்ந்த பிறகும் பாதத்தில் ஏறிவிடும், வலி கடுமையாக இருக்கும். கரை ஒதுங்கிய ஜெல்லி மீனையும் முகர விடாதீர்கள், செத்த பிறகும் அது கொட்டும்.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது தூண்டில் முள்ளுக்கு. இரையின் வாடை ஒட்டிய முள் வலைக் குவியலுக்குள் கிடக்கும், நாய் வாயை வைத்தால் உதட்டில் ஏறிவிடும். நாம் பதறிப்போய் வந்த வழியே இழுப்போம். முள்ளின் நுனிக்குக் கீழே எதிர்ப்பக்கமாக ஒரு சின்னக் கொக்கி இருக்கிறது, இழுத்தால் அது சதையைக் கிழித்துக்கொண்டுதான் வரும். முள்ளோடு தூண்டில் நரம்பு, அதாவது நைலான் இழை, தொங்கிக்கொண்டிருந்தால் ஒரு சாண் விட்டு வெட்டிவிடுங்கள். நாய் காலால் பிறாண்டாமல் பிடித்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள், அவர் மரக்க ஊசி போட்டு, முள்ளை முன்பக்கமாகத் தள்ளி வெளியே எடுத்து, கொக்கியை வெட்டிவிட்டு மீதியை உருவுவார். முள் தொண்டைக்குள் போயிருந்தால் நரம்பை இழுத்துப் பார்க்கவே கூடாது. ஊருக்குப் போவதற்கு முன்பே பக்கத்தில் எங்கே கால்நடை மருத்துவமனை, எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற எண் இருக்கிறது, அதையும் செல்போனில் ஏற்றிவிடுங்கள்.

இதற்கெல்லாம் ஒரே முன்னேற்பாடு, "விடு" என்று சொன்னால் வாயில் இருப்பதைக் கீழே போடப் பழக்குவது. வீட்டில் ஒரு மாதம் தினமும் பழக்கிவிட்டுப் போங்கள். அதுவரை கயிறு நீளமாக வேண்டாம்.

இரவில் நிலா வெளிச்சத்தில் கடற்கரையில் நாயோடு நடப்பது எங்களுக்குப் பிடிக்கும். ஆமை முட்டையிடும் காலம் என்று தடுக்கிறார்கள். உண்மையிலேயே நாயால் அவ்வளவு கெடுதலா?
– வாசகர், சென்னை

ஆமாம், அவ்வளவு கெடுதல். ஜனவரி முதல் மார்ச் வரை, சில இடங்களில் ஏப்ரலிலும், பங்குனி ஆமைகள் நம் கரையில் ஏறி முட்டையிடுகின்றன. ஒரு குழியில் நூறுக்கும் மேல் முட்டை இருக்கும், பொரிய ஏழு வாரம் போல ஆகும். முட்டையிட வருகிற தாய் நாயைக் கண்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். இட்டுவிட்டுப் போன குழியையோ நம் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, நாயின் மூக்குக்கு அது பெரிய வேலையே இல்லை, ஐந்து நிமிடத்தில் தோண்டிவிடும். குஞ்சு பொரித்துக் கடலை நோக்கிப் போகும் இரவில் நாய் நுழைந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கிய ஆமைகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். கடலுக்குள் வலையில் சிக்கித் தப்பித்துக் கரை ஏறுகிறவளுக்கு இங்கே நம் நாயும் எதிரியாக நிற்க வேண்டுமா?

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் அது, யானைக்கும் புலிக்கும் உள்ள அதே பாதுகாப்பு. சென்னையில் 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் கரையில் நடந்து முட்டைகளை எடுத்துப் பாதுகாத்து வருகிறார்கள். சீர்காழிப் பக்கம் கூழையாரில் வனத்துறை பொரிப்பகம் வைத்திருக்கிறது. இந்த மூன்று நான்கு மாதம் மட்டும் இருட்டிய பிறகு நாயோடு கரைக்குப் போகாதீர்கள். காலையில் போகும்போது கடலிலிருந்து மேலேறித் திரும்பிப் போன அகலமான தடத்தை மணலில் கண்டால் நாயைச் சட்டென்று தூர இழுத்துக்கொண்டு போய்விட்டு, மீனவர்களிடமோ வனத்துறையிடமோ சொல்லுங்கள். நிலா மற்ற எட்டு மாதமும் வரும்.

கிராமத்து நாய்கள் கூட்டமாக வந்து சூழ்ந்தால் என்ன செய்வது? என்னுடையது பொமரேனியன்.
– வாசகி, கும்பகோணம்

படகு நிழலில் படுத்திருக்கும் நாய்களுக்கு அந்த இடம் வீடு. புது நாய் வந்தால் எழுந்து வந்து குரைக்கத்தான் செய்யும், அதில் தப்பே இல்லை. ஓடாதீர்கள், கல்லெடுக்காதீர்கள், கத்தாதீர்கள். வந்த வழியே மெதுவாகத் திரும்பி நடந்தால் முக்கால்வாசி நாய்கள் எல்லைக்கு வெளியே வந்ததும் நின்றுவிடும். பொமரேனியனை உயரத் தூக்கிப் பிடிக்காதீர்கள், அதைப் பார்த்து அவை மேலே தாவும், உங்களுக்குத்தான் கடி விழும். உங்கள் பின்னால் வைத்துக்கொண்டு, நடுவில் விரித்த குடையைப் பிடித்தபடி நகருங்கள், அது நல்ல தடுப்பு. ஊர்ப் பையன் ஒருவன் கூட வந்தால் இன்னும் நல்லது, அவன் ஒரு அதட்டல் போட்டால் அடங்கிவிடும்.

போவதற்கு முன் வெறிநாய்த் தடுப்பூசி நடப்பில் இருக்கிறதா என்று பார்த்து, அந்த அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். கடி யாருக்குப் பட்டாலும், அது உங்கள் நாய் கடித்ததாகவே இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் ஊசி போட வேண்டும். திருச்சி வாசகிக்கும் இதுவே பதில். குரைக்கும் பெண்ணைக் குப்பத்துக்குள் கொண்டுபோக வேண்டாம், அவளுக்கும் நிம்மதி இல்லை, அங்கிருக்கும் நாய்களுக்கும் இல்லை.

மலத்தை மணலில் புதைத்தால் போதாதா? அலை அடித்துக்கொண்டு போய்விடுமே.
– வாசகர், புதுச்சேரி

போதாது. நாயின் குடலில் கொக்கிப்புழு இருந்தால் அதன் முட்டை மலத்தோடு மணலுக்கு வரும், ஈரமும் சூடும் உள்ள மணலில் புழுவாகி, வெறுங்காலில் நடப்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போகும். பாதத்தில் வளைந்து வளைந்து சிவந்த கோடு, தாங்க முடியாத அரிப்பு. கரையில் வெறுங்காலில் நடப்பவர்கள் யார்? மீனவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான். நாம் இரண்டு நாளில் கிளம்பிவிடுவோம், அவர்கள் அங்கேயே இருப்பார்கள். பையில் அள்ளி, முடிச்சுப் போட்டு, குப்பைத் தொட்டி இல்லாவிட்டால் காரில் வைத்து ஊருக்கே கொண்டுவாருங்கள். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் பூச்சி மருந்து கொடுத்துவிடுங்கள்.

பக் நாயைக் கடற்கரைக்குக் கூட்டிப் போகலாமா?
– வாசகி, மதுரை

டிசம்பர், ஜனவரியில் விடியற்காலை அரை மணி நேரம், அவ்வளவுதான். சப்பை மூக்கு நாய்க்கு மூச்சிரைத்துச் சூட்டை வெளியேற்றும் சக்தி குறைவு, கடற்கரை ஈரக் காற்றில் அது இன்னும் குறைந்துவிடும். நாக்கு கருஞ்சிவப்பாகி எச்சில் கெட்டியாக வழிந்தால் நிழலில் கிடத்தி, உடம்பைச் சாதாரணத் தண்ணீரால் நனைத்து விசிறிக்கொண்டே மருத்துவரிடம் போங்கள். கோடையில் வேண்டவே வேண்டாம்.

கார் இல்லை. சென்னையிலிருந்து ரயிலில் நாயோடு தரங்கம்பாடி போக முடியுமா?
– வாசகர், தாம்பரம்

முதல் வகுப்பில் இரண்டு பேர் கூபேயையோ நாலு பேர் அறையையோ முழுசாகப் பதிவு செய்தால் நாயை உங்களோடு வைத்துக்கொள்ளலாம். ஸ்லீப்பரிலும் இரண்டாம், மூன்றாம் வகுப்பு ஏசியிலும் அனுமதி இல்லை. பார்சல் அலுவலகத்தில் கட்டணம் கட்டி ரசீது வாங்க வேண்டும், தடுப்பூசி அட்டையும் மருத்துவர் சான்றும் கேட்பார்கள். கார்டு பெட்டியில் இருக்கும் கூண்டில் போட்டு அனுப்பவும் வழி உண்டு, ஆனால் இருட்டும் சத்தமும் உள்ள அந்தக் கூண்டில் பல மணி நேரம் நாயை அடைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. தரங்கம்பாடிக்கே ரயில் இல்லை, மயிலாடுதுறையில் இறங்கிக்கொள்ளலாம், அங்கிருந்து தரங்கம்பாடிக்குப் போன பாதையை மூடி வெகுகாலம் ஆகிறது. மீதி முப்பது கிலோமீட்டருக்கு வாடகைக் கார் பிடிக்க வேண்டும், நாய் வருகிறது என்று முன்கூட்டியே ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள், இருக்கையில் விரிக்க ஒரு பழைய போர்வையும் எடுத்துக்கொள்ளுங்கள். தங்கும் விடுதியிலும் அப்படியே, போனில் கேட்டு "சரி" என்ற பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகுதான் ரயில் டிக்கெட் போட வேண்டும்.